குத்தகைக்கு வரும் விலாசம்

சிரம்பானுக்குத் தெற்கே உள்ள செனாவாங்கில், ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்த மண்ணில், இன்று தொழிற்பேட்டையும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளும் எழும்பி நிற்கின்றன. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு லயத்து வீடு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை; பெயர் பதிவில் ஏறியதும் தோட்டத்து எழுத்தரான கிராணி ஒரு வீட்டைக் காட்டுவார்; பெயர் நீங்கியதும் வீடும் கைவிட்டுப் போகும். மனிதர் விஷயத்தில் பெரும் அநீதியாக முடிந்த அந்த ஏற்பாடு, யந்திரங்களின் விஷயத்தில் மிகவும் நியாயமானதாகவும் சிக்கனமானதாகவும் அமைந்து, நம் வீட்டுக் கணினிக்கும் கைப்பேசிக்கும் விலாசம் வழங்கும் முறையாக இன்று உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. டிஎச்சிபி என்று, செல்லப்பெயர்போல் நாவில் எளிதில் ஒட்டாத ஒரு பெயரை அதற்குச் சூட்டிவிட்டதனாலோ என்னவோ, நாள்தோறும் அதன் பயனை அனுபவிப்பவர்களும் அதைப் பற்றி விசாரிப்பதில்லை.

வலையில் பேச விரும்பும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஐபி விலாசம் ஒன்று அவசியம். பழைய முறைப்படி அது 32 பிட்டுகளாலான, அதாவது 32 இரும இலக்கங்களாலான எண். ஆகவே மொத்த விலாசங்கள் ஏறக்குறைய 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசிப் பகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பங்கிடப்பட்டன. நமது ஆசிய பசிபிக் வட்டாரமோ அதே ஆண்டு ஏப்ரல் 15-இல், மற்றெல்லா வட்டாரங்களுக்கும் முன்பாகவே, தன் கடைசிச் சேமிப்பைத் தொட்டுவிட்டது. இப்பற்றாக்குறையை முன்கூட்டியே உணர்ந்தவர்கள், 1994-லேயே, 192.168 என்று தொடங்குவன போன்ற சில விலாசங்களை எந்த வீடும் எந்த அலுவலகமும் தன் சுவர்களுக்குள் பிரயோகித்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். செனாவாங் வீட்டிலும் சென்னை வீட்டிலும் ஒரே எண் சண்டையின்றி வழங்குவது அதனால்தான்.

ஆதியில் இந்த எண்களை நிர்வாகி ஒருவர் ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுதி வைக்க வேண்டியிருந்தது. 1985-இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகிய இருவரும் வகுத்த பூட்பி என்னும் முறை, எழுதும் வேலையை ஒரு சர்வரிடம் ஒப்படைத்தது. எனினும் எந்த யந்திரத்துக்கு எந்த எண் என்ற அட்டவணையை மனிதரே தயாரிக்க வேண்டும், கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற வழியுமில்லை. மலேசியாவில் மிமோஸ் ஸ்தாபனத்தின் ஜாரிங் இணையச் சேவை தொடங்கிய மறு வருஷம், அதாவது 1993 அக்டோபரில், ரால்ஃப் டிராம்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் டிஎச்சிபியின் முதல் வரைவை வெளியிட்டார்; 1997 மார்ச்சில் அது திருத்தம் பெற்று, ஆர்.எஃப்.சி. என்னும் இணைய ஆவண வரிசையில் 2131 என்ற எண்ணுடன் இன்றளவும் அடிப்படையாக நிலைத்திருக்கிறது. அவ்வரைவின் உயிர் குத்தகை என்ற ஒரே கருத்தில் இருக்கிறது: விலாசம் பொதுவாகக் கால வரம்புடன் கிடைக்கும்.

இதில் அதிசயிக்கத்தக்கது, தனக்கென்று விலாசமே இல்லாத ஒரு யந்திரம், விலாசம் கொடுப்பவர் யாரென்றும் அறியாமல், எவ்விதம் விண்ணப்பிக்கிறது என்பதே. கைப்பேசி வைஃபையில் சேர்ந்தவுடன், அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும் பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் குறித்து, வலையிலுள்ள அனைவருக்கும் கேட்கும்படி கூவுகிறது; தன்னை அடையாளம் காட்ட, வன்பொருள் எண் எனப்படும் 48 பிட் எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. ரவுட்டருக்குள் இருக்கும் சர்வர் காலியான ஒரு விலாசத்தை நீட்டுகிறது. 'அதையே கொடுங்கள்' என்று கைப்பேசி கேட்க, 'எடுத்துக்கொள், இவ்வளவு காலத்துக்கு' என்று சர்வர் உறுதி செய்கிறது. இந்நான்கு செய்திகளும் சாதாரணமாகக் கண்ணிமைக்கும் பொழுதில் முடிந்துவிடும். குத்தகையின் பாதிக் காலம் கழிந்ததும் கைப்பேசி தானாகவே புதுப்பிக்கக் கேட்கிறது. பதில் இல்லையெனில், எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் எந்த சர்வராயினும் சரியென்று மறுபடி கூவுகிறது.

வலையை அமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் கால அளவைத்தான். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அது 24 மணி நேரம். வீட்டுக்கு அது பொருந்தும், மண்டபத்துக்குப் பொருந்தாது. கோயில் மண்டபம் ஒன்றில் 192.168.1.100 முதல் 199 வரை நூறு விலாசங்கள் ஒதுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை முகூர்த்தத்துக்கு வந்தோரின் கைப்பேசிகள் நூறையும் பெற்றுக்கொண்டு, பந்தி முடிந்ததும், திருப்பிக் கொடுத்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். மாலை வரவேற்புக்கு வருவோருக்கு விலாசம் கிடைக்காது. சிக்னல் முழுமையாக இருந்தும் இணையம் வராது. மடிக்கணினியாக இருந்தால் பெரும்பாலும் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொண்டு நிற்கும். அவ்வெண்ணைக் கண்டால், விலாசம் கிடைக்கவில்லை என்று நிச்சயிக்கலாம். இணையக் கம்பெனியைக் குறை சொல்லுமுன், குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைத்துப் பார்ப்பது நலம்.

பிரிண்டரின் விஷயம் இதற்கு நேர்மாறானது. அதன் விலாசம் மாறினால் கணினிகளுக்கு அது எங்கே என்று தெரியாமற் போகும். ஆயினும் வழங்கும் வரிசைக்கு நடுவிலுள்ள ஓர் எண்ணைப் பிரிண்டரில் கையால் எழுதிவிட்டால், சர்வர் அதே எண்ணை வேறொன்றுக்கும் கொடுத்து இரண்டையும் கெடுக்க இடமுண்டு. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பிரிண்டரின் வன்பொருள் எண்ணைக் குறித்து, அதற்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பதே முறை.

இவற்றினும் கொடியது, ஒரு வலையில் இரண்டு சர்வர்கள் இருப்பது. மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து மாட்டுகிறோம். அதன் டிஎச்சிபியை நிறுத்த மறந்தால், யாருடைய பதில் முதலில் வந்ததோ அதையே கருவிகள் பெரும்பாலும் ஏற்பதால், சில கருவிகள் ஓடும், சில ஓடா. நாளைக்கு ஓடியவை நிற்கும், நின்றவை ஓடும். காரணம் காண்பது நிபுணருக்கும் கடினம். பள்ளிக் கணினிக் கூடத்தையும் கோயில் மண்டபத்தையும் தோட்டத்து மக்களின் சங்க அலுவலகத்தையும் பராமரிக்கும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்வது இதுவே: விலாசம் வழங்குவது எந்தப் பெட்டி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, குத்தகை எத்தனை மணி, எவை ஒதுக்கப்பட்டவை என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, ரவுட்டரின் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள், உங்களுக்குப்பின் பொறுப்பேற்பவருக்கு அந்தக் காகிதம் மிகவும் பிரயோஜனப்படும்.