குழாயடியில் கிடைத்த நாவல்

ஜெமினி ஸ்டூடியோவில் எழுத்தாளர் அசோகமித்திரனுக்குத் தரப்பட்டிருந்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது. நாள் முழுக்க ஒருவர் பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? ஆள் சும்மாதான் இருக்கிறார் என்றுதான். அதனால் வருகிறவர் போகிறவரெல்லாம் அவரிடம் வந்து பேசினார்கள். மேக்கப் பிரிவின் 'ஆபீஸ் பாய்' அவர்களில் ஒருவர். பெயர்தான் பாய், வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நடிகராகலாம், இயக்குநராகலாம், பாட்டெழுதலாம் என்று ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, கும்பல் காட்சிக்கு வரும் துணை நடிகர்களின் முகத்தில் பான்கேக் பூசுவதோடு நின்றுபோனவர். தன் ஆற்றாமையையெல்லாம் இந்தப் பேப்பர்காரரிடம்தான் கொட்டுவார்.

1952 முதல் 1966 வரை அசோகமித்திரன் அங்கே இருந்தார். அந்த வருடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நினைவு நூலே எழுதினார். அதைவிட முக்கியமானது 'கரைந்த நிழல்கள்' நாவல். சினிமாவைப் பற்றிய கதை என்றால் நட்சத்திரத்தைச் சுற்றித்தான் எழுதத் தோன்றும். இதில் முன்னால் நிற்பவர்கள் புரொடக்‌ஷன் மேனேஜரும் உதவி இயக்குநர்களும். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வண்டி ஏற்பாடு செய்வது, ஆட்களைத் திரட்டுவது, பணம் வராத நாளைச் சமாளிப்பது என்று நாவல் போகிறது. ஜெமினியில் தினமும் கண்ணில் பட்ட சங்கதிகள்தான்.

கதை எழுத வருகிற இளைஞர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, சுற்றிலும் உற்றுப் பாருங்கள் என்பது. தப்பில்லை. ஆனால் டீக்கடையில் காதில் விழுந்த வசனங்களைச் செல்போனில் குறித்துவைப்பவர்களில் பலருக்கு அந்தக் குறிப்புகள் கதையாவதே இல்லை. அந்த டீக்கடை எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பால் யார் கொண்டுவருகிறார், கணக்கு நோட்டில் யார் பெயர் நீளுகிறது, மாஸ்டர் ஏன் சொல்லாமல் நின்றுவிட்டார் என்பதெல்லாம் தெரிந்தவருக்கு வசனத்தை ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்தால் இது புரியும். சென்னையில் தண்ணீர் இல்லாத காலம். யார் வீட்டு பம்பில் தண்ணீர் வருகிறது, எத்தனை மணிக்கு எழுந்தால் ஒரு குடமாவது தேறும், அடுத்த வீட்டாரிடம் முகம் கோணாமல் எப்படிக் கேட்பது, வந்த தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடித்தால் என்ன செய்வது? அன்றைய சென்னைவாசிகள் எல்லோருக்கும் இது தெரியும். எழுதியவர் ஒருவர். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் ஜமுனா, சினிமாவில் துண்டு வேஷம் தேடி ஏமாந்தவள். ஆக, தெருக் குழாயும் ஸ்டூடியோவும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்கின்றன. அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதிய காலமும் உண்டு. தனியறை, மேஜை, மலைவாசஸ்தலம் எதற்கும் அவர் காத்திருக்கவில்லை.

இன்னொரு எழுத்தாளரான பெருமாள்முருகனின் தந்தை திருச்செங்கோட்டில் தியேட்டர் ஒன்றில் சோடாக் கடை வைத்திருந்தார். 1993இல் வந்த பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' நாவலில் திரையில் ஓடும் படம் முக்கியமில்லை. இடைவேளையில் சோடா விற்கும் பையன்களும், கடைசி ஆட்டம் முடிந்து அங்கேயே படுத்துத் தூங்கும் அவர்களின் இரவுகளும்தான் கதை. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் ஆளுக்கு அந்த இரவு தெரிய வழியே இல்லை.

நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமிக்கு ஊர் முச்சந்தியில் நின்ற ஒரு புளியமரம் போதுமானதாக இருந்தது. 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்தது.

ஒரே ஊரில் பிறந்தால் ஒரே கதைதான் வரும் என்று பயப்படுகிறவர்கள் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலைப் பார்க்கலாம். கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அந்த ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒத்த வயது, நண்பர்கள் வேறு. அழகிரிசாமி சென்னைக்கு வந்து பத்திரிகைகளில் வேலை பார்த்தார். அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் குழந்தைகள் போட்டி போட்டுக்கொள்ளும் பேச்சே கதையை நடத்திப் போகிறது. கி.ரா. விவசாயியாக ஊரிலேயே நெடுங்காலம் இருந்து, சனங்களின் பேச்சையும் கதைகளையும் சொற்களையும் சேகரித்தார். அந்தக் கரிசல் வட்டாரத்தின் பேச்சு வழக்குக்கு அகராதியே போட்டார். இருவருக்கும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு அவர் காலமான பிறகு.

கண்ணில் பட்டது உடனே கதையாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. 1948இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்தபோது அசோகமித்திரன் செகந்தராபாத்தில் இருந்த இளைஞர். அந்தக் காலத்தைச் சொல்லும் '18வது அட்சக்கோடு' நாவல் வந்தது 1977இல்.

கதை எழுதும் ஆசையுள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'தண்ணீர்', 'நிழல் முற்றம்' இரண்டையும் வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ படியுங்கள். பிறகு, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் காலையில் ஷட்டரைத் தூக்குவது யார், சாவி யாரிடம் இருக்கிறது, யாருடைய சாப்பாட்டை யார் பங்கு போடுகிறார்கள், சம்பளம் தாமதமானால் முதலில் முணுமுணுப்பது யார் என்று ஒரு பக்கம் எழுதிப்பாருங்கள். பேனா நிற்கிற இடங்களை மறுநாள் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.