நகரும் தளபாடம், நிலைக்கும் முதல்

வாடகைக் கட்டடத்தில் காரியாலயம் திறக்கும் நமது வர்த்தகர்கள் பலர், முதல் வேலையாகத் தச்சரை அழைத்துப் பலகைத் தடுப்புகளும் சுவரோடு பொருத்திய அலுமாரிகளும் செய்விக்கின்றனர். வாடகைக் காலம் முடிந்து வெளியேறும்போது அந்தப் பணம் சுவரோடு அங்கேயே தங்கிவிடுகிறது.

இதற்கு மாற்று வழி புதியதல்ல. 1968இல் அமெரிக்காவின் ஹேர்மன் மில்லர் நிறுவனம், ரொபர்ட் புரொப்ஸ்ட் வடிவமைத்த நகர்த்தக்கூடிய தடுப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்கேற்ப இடத்தை மாற்றிக்கொள்வதே அவரது நோக்கம். ஆனால் பல நிறுவனங்கள் சிறிய இடத்தில் அதிகம் பேரை அடைக்கவே அவற்றைப் பயன்படுத்தின. ஆகவே பொருளை வாங்கினால் மட்டும் போதாது. அதன் நோக்கமும் விளங்க வேண்டும்.

2020இல் கொரோனா ஊரடங்கும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் நம் நாட்டில் பலரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தன. எல்லோருக்கும் நிரந்தர மேசை அவசியமில்லை என்பதை அப்போது கண்டோம்.

சில்லு பூட்டிய மேசைகளையும் தனித்து நிற்கும் அலுமாரிகளையும் தெரிவு செய்யுங்கள். மின் பிளக்குகளைச் சுவர் நெடுகிலும் அமையுங்கள். இல்லாவிடில் சில்லு இருந்தும் மேசை நகராது. பணமும் கணக்குப் புத்தகங்களும் இருக்கும் அறை மட்டும் பூட்டுடன் நிரந்தரமாக இருக்கட்டும். மேசைகளை ஓரமாக்கினால் லுஹர் ஜமாஅத்துக்கும் இடம் கிடைக்கும்.

வீண்விரயத்தை மார்க்கம் தடுத்துள்ளது. இடம் மாறும்போது கூடவே எடுத்துச் செல்லக்கூடியதற்கே செலவிடுங்கள்.