ஜெபமும் கந்தகப் பற்றும்

ஜான் வெஸ்லி சாவை எதிர்பார்த்து வந்து தங்கிய ஊர் எங்கள் லூயிஷாம். 1753 நவம்பரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அந்தப் பிரசங்கியாருக்கு வயது 50. காய்ச்சலும் இருமலும் விடவில்லை. சயரோகம் என்றே நினைத்தார்கள். இனி ஒரு நாளும் நகரத்துக்குள் தங்கக்கூடாது, நாட்டுப்புறக் காற்று, ஓய்வு, கழுதைப்பால், தினமும் குதிரைச் சவாரி, இவைதான் வழி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லூயிஷாம் அன்று லண்டனுக்கு வெளியே இருந்த கிராமம். எபனேசர் பிளாக்வெல் என்ற வங்கிக்காரரின் வீட்டுக்கு வந்தார் வெஸ்லி. செத்தபின் யாரும் தன்னை அளவுமீறிப் புகழக்கூடாது என்று, 26ஆம் தேதி தன் கல்லறை வாசகத்தைத் தானே எழுதிவைத்தார். கடனெல்லாம் தீர்த்தால் பத்துப் பவுண்டுகூட மிஞ்சாது என்பதையும் அதில் சேர்த்தார்.

28ஆம் தேதி நண்பகலில் அவருக்காகக் கூடி ஜெபிப்பதென்று லண்டன் சகோதரர்கள் நேரம் குறித்திருந்தார்கள். அதே வேளையில் வெஸ்லிக்கு ஒரு யோசனை வந்தது. கந்தகத்தைப் பொடித்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து, பழுப்புத்தாளில் தடவி விலாவில் பற்றுப் போட்டுக்கொண்டார். வலி ஐந்து நிமிடத்தில் நின்றது, காய்ச்சல் அரைமணியில் விட்டது என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். கந்தகத்தின் குணத்தைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஊரே தனக்காக ஜெபித்த நேரத்தில் அந்த மனிதர் மருந்து தேடினார், ஜெபத்தைச் சந்தேகிக்கவும் இல்லை. அதன்பின் 37 ஆண்டுகள் வாழ்ந்து, 1791இல், 87 வயதில் இறந்தார்.

வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். அந்த மெதடிஸ்ட் மரபில் வளர்ந்தவள் நான். இப்போது இதை எழுத வைத்தவள் என் தங்கையின் மகள். தாதியாக வேலை செய்கிறாள். இங்கேயே இருக்கலாம், மான்செஸ்டரில் பதவி உயர்வோடு இன்னொரு வேலையும் கிடைத்திருக்கிறது. "ஜெபிச்சுப்போட்டு ரெண்டு சீட்டு எழுதிப் போடு, கர்த்தர் காட்டுவார்" என்றாள் தங்கை. பிள்ளை என்னிடம் வந்து கேட்டது வேறு: "பெரியம்மா, நான் பிழையான பக்கம் போனால் கர்த்தர் என்னைக் கைவிட்டிடுவாரோ?"

வீடு வாங்குவதா, கலியாணம் பேசுவதா, மகனை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்று ஒவ்வொன்றிலும் ஆண்டவர் ஒரே ஒரு சரியான விடையை ஒளித்துவைத்திருக்கிறார், அது அகப்படாவிட்டால் கெட்டோம் என்று வாடுகிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். பார்த்தால் விசுவாசம் போலத் தெரியும். அடியில் கிடப்பது பயம்.

சீட்டுப் போடுவதை வெஸ்லியும் செய்திருக்கிறார். 1737இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில், சோபியா ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா என்று மூன்று சீட்டு எழுதினார்: மணம் செய், இந்த ஆண்டு வேண்டாம், இனி நினைக்கவே வேண்டாம். வந்தது மூன்றாவது. அவள் வேறொருவரை மணந்தபின் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்து, வழக்கில் மாட்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் ஊரைவிட்டே புறப்பட்டார். மனுஷர் யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்குறித்துவிட்டார் என்ற போதனைக்கு எதிராக 1739இல் அவர் செய்த புகழ்பெற்ற பிரசங்கத்தைக்கூட, அச்சிடலாமா என்று சீட்டுப் போட்டுத்தான் வெளியிட்டார். மனுஷனுக்குத் தெரிவு உண்டு என்று வாதிட்ட பிரசங்கம் அது!

முன்குறித்தலை நம்பிய அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கு அது மனவருத்தம். ஆனாலும் அதே ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, எங்கள் பக்கத்து ப்ளாக்ஹீத் வெளியில் பன்னிரண்டு பதினாலாயிரம் பேர் கூடியிருந்தபோது, தன் இடத்தில் வெஸ்லியையே பிரசங்கிக்கச் சொன்னார் விட்ஃபீல்டு. பிறகு இருவரும் பிரிந்தார்கள். 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

வெஸ்லியின் சிந்தனை சீட்டோடு நிற்கவில்லை. 1750இல் அச்சான ஒரு பிரசங்கத்தில், தேவசித்தத்தைச் சொப்பனத்திலும் திடீர் உந்துதலிலும் தேடாதீர்கள் என்கிறார். நாம் பரிசுத்தமாக வேண்டும், நன்மை செய்ய வேண்டும், இதுவே தேவசித்தம் என்று வேதம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. எந்த நிலையில் அது எனக்குக் கூடுதலாகக் கைகூடும் என்பதைப் புத்தியாலும் அனுபவத்தாலும் பார் என்கிறார். 1785இல், பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை வைத்து இன்னும் துலக்கமாகச் சொன்னார்: தேவன் உனக்குள் கிரியை செய்கிறார், ஆகவே உன்னால் முடியும், அவர் கிரியை செய்கிறார், ஆகவே நீ செய்தே ஆகவேண்டும். நம்முடைய தெரிவும் அவருடைய கிருபையும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. தெரிந்துகொள்ளும் பலத்தையே முந்திவந்து கொடுப்பது கிருபை என்பது அவர் போதனை. என் மனம் முழுதாக ஒப்புவது இதற்குத்தான்.

பிள்ளையிடம் ஜார்ஜியாக் கதையைச் சொன்னேன். அங்கே எல்லாம் குலைந்து திரும்பியவருக்கு, 1738 மே 24ஆம் தேதி, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில்தான் விசுவாசத்தின் நிச்சயம் கிடைத்தது. "குலைஞ்ச இடத்திலையும் கர்த்தர் கைவிடேல்லை, பிள்ளை. ரெண்டும் நல்ல வேலைதான். எங்கை உன்னாலை கூட நன்மை செய்யேலும் எண்டு பார்" என்றேன்.

அவள் சீட்டு எழுதவில்லை. இரண்டு வார்டுகளின் வேலைநேரத்தை விசாரித்தாள், மான்செஸ்டர் வீட்டு வாடகையைக் கணக்குப் பார்த்தாள், தாயை ஒரு கிழமை தனியே விட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு இரவும் ஜெபித்தாள். தை மாதம் மான்செஸ்டருக்குப் போகிறாள். தங்கைக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.