கிச்சன் மேடைக்கு கல் வாங்கப் போறீங்களா? கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்!

சமையலறையை புதுப்பிக்கும்போது பலர் கோட்டை விடுவது மேடைக் கல்லில்தான். பளபளன்னு இருக்கேன்னு மார்பிள் போட்டால் அவ்வளவுதான். அது சுண்ணாம்பு கலந்த கல். புளி, தக்காளி பட்டால் அரித்து வெள்ளைத் தழும்பு விழும். தேய்த்தாலும் போகாது. விலை குறைந்த கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான். அதே தொல்லை உண்டு. கிரானைட் இந்த புளிப்புக்கெல்லாம் அசையாது.

கடையில் உடைந்த துண்டு ஒன்றை கேட்டு வாங்குங்க. பாலீஷ் பக்கத்தில் நாலு சொட்டு எலுமிச்சை சாறு விட்டு, கால் மணி நேரம் கழித்து துடைங்க. மங்கினால் அந்தக் கல் வேண்டாம். கறுப்பு கல் என்றால், நெயில் பாலீஷ் ரிமூவர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்ங்க. துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல்!

பதித்த பிறகு பெயர்த்தால் கல், சிமெண்ட், கூலி எல்லாமே தண்டம். உஷார்!