சரம் நிரப்பல்

சரம் நிரப்பல் என்பது கணினி நிரலாக்கத்தில், குறித்த நீளத்தை விடக் குறுகிய எழுத்துச் சரம் ஒன்றின் முன்னோ பின்னோ வெற்றிடம், சுழியம் போன்ற குறிகளைச் சேர்த்து அதனை அந்நீளத்திற்குக் கொண்டுவருதல் ஆகும். பெயர்களுக்கு வலப்புறம் வெற்றிடமும், எண்களுக்கு இடப்புறம் சுழியமும் இடுவது வழக்கம். தறி எண்களைச் சரங்களாகக் கொண்டு வரிசைப்படுத்தினால் 10 என்பது 9-க்கு முன் வந்துவிடும். 009, 010 என நிரப்பினால் வரிசை சரியாகும்.

பின்னணி

நிலைத்த நீளம் என்னும் கட்டுப்பாடு துளை அட்டைகளின் காலத்திலேயே இருந்தது. ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் சேலைக் கரையின் உருவங்களை நெய்ய உதவும் ஜக்கார்டு கருவி 1804-இல் பிரான்சில் உருவானது. அதன் தொகுதியில் எல்லா அட்டைகளும் ஒரே அளவின. துளை வேண்டாத இடம் வெறுமையாக விடப்படுமே தவிர அட்டை குறுக்கப்படுவதில்லை. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எர்மன் ஆலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். ஐபிஎம் நிறுவனம் 1928-இல் 80 நிரல் கொண்ட அட்டையை வெளியிட்டது. பெயருக்கு 20 நிரல் ஒதுக்கினால், எஞ்சியவை வெற்றாகவே இருக்கும். கோபால் மொழி இவ்வழக்கத்தைத் தொடர்ந்தது.

ஜாவாஸ்கிரிப்டில் இதற்கான செயற்கூறு 2017-இல்தான் தரப்படுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், இப்பணியைச் செய்த 11 வரி நிரல் ஒன்று என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது, அதனை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் செயலிழந்தன.

தமிழில் எழும் சிக்கல்

நிரல்மொழிகள் பெரும்பாலும் எழுத்துகளை எண்ணுவதில்லை, ஒருங்குறிக் குறியெண்களையே எண்ணுகின்றன. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள். ஆகவே 'ஆரணி' என்பதில் எழுத்து 3, குறியெண் 4. 'காஞ்சிபுரம்' என்பதில் எழுத்து 6, குறியெண் 11. இரண்டையும் 12 இடத்திற்கு நிரப்பினால், முதலாவதற்கு 8 வெற்றிடமும் இரண்டாவதற்கு ஒரே வெற்றிடமும் கிடைக்கும். கண்ணுக்கு அவை 11, 7 என நின்று பட்டியல் கோணலாகும்.

நீளத்தைப் பைட்டில் அளந்தால் இழப்பு இன்னும் பெரிது. யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு. 10 பைட்டு இடத்தில் 'ஆரணி' அடங்காது. அங்கே வெட்டினால் 'ஆரண' என்பதும் பொருளற்ற ஒரு பைட்டுமே மிஞ்சும். ஊர்ப்பெயரே மாறிவிடுகிறது.

சரத்தை முதலில் எழுத்துகளாகப் பிரித்து எண்ணுவதே தீர்வு. 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நிரலகம் இவ்வாறு பிரித்துத் தருகிறது. எனினும் 'ர', 'ணி' ஆகியவற்றின் அகலம் ஒன்றல்ல என்பதால், அச்சிடும் பட்டியலுக்கு வெற்றிடங்களை நம்பாமல் அட்டவணைக் கட்டங்களைப் பயன்படுத்துவதே தகும்.