நடராஜர் ஸ்டாம்பும் சிதம்பரம் முத்திரையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டமான மரக்கட்டை, மேலே கொக்கி. வருகிற கடிதத்தையெல்லாம் படித்து முடித்ததும் அதில் குத்திவிடுவார்கள். கடலூர்ப் பக்கம் அப்போது கம்பி இல்லாத வீடு குறைவு. 1970களில் என் ஸ்டாம்பு சேகரிப்பு அந்தக் கம்பியில்தான் தொடங்கியது. உறையின் மூலையைக் கத்தரித்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை விட்டதும் எடுத்துச் செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவைப்பேன். மீதி உறை வெந்நீர் அடுப்புக்குப் போகும். அடுப்புக்குப் போனது எது என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

1949 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர இந்தியா வெளியிட்ட தொல்பொருள் வரிசையில் இரண்டணா ஸ்டாம்பு நடராஜர். சாதாரணக் கடிதத்துக்கு அப்போது இரண்டணாதான் கட்டணம். அதனால் நாட்டில் யார் யாருக்குக் கடிதம் போட்டாலும், மூலையில் பெரும்பாலும் ஆனந்தத் தாண்டவம் இருந்தது. லட்சக்கணக்கில் அச்சானதால் உதிரியாக அதற்கு விலையே கிடையாது. அதே ஸ்டாம்பு, சிதம்பரம் அஞ்சலகத்தின் வட்ட முத்திரை தேதியோடு தெளிவாக விழுந்து, முழு உறையில் ஒட்டியபடி இருந்தால் கதையே வேறு. நடராஜரின் ஊரிலிருந்தே நடராஜரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கடிதம் அது. தீட்சிதர்கள் கட்டளைதாரர்களுக்குத் திருநீறும் குங்குமமும் மடித்துத் தபாலில் அனுப்புவது நெடுங்கால வழக்கம். அப்படி வந்த உறைகள் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்! பிரசாதத்தை எடுத்துக்கொண்டு உறையைப் போட்டுவிட்டோம்.

அதே வரிசையின் ஓரணாவில் போதிசத்துவர். படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. 1950இல் திருத்திய ஸ்டாம்பு வந்தது. "பிழை ஸ்டாம்பு, பெரிய விலை" என்று சிறுவர்களிடம் அதை ஏமாற்றி விற்றவர்கள் உண்டு. பிழையான ஸ்டாம்பெல்லாம் அரிய ஸ்டாம்பு ஆகிவிடாது. அதுவும் ஏராளமாகப் புழங்கியதுதான். உண்மையான அரியவை வேறு விதம். 1921இல் ஓரணா சிவப்பு ஸ்டாம்பின் மேல் 'நைன் பைஸ்' என்று அச்சடித்து விற்றார்கள். சில பிரதிகளில் 'நைன் நைன்' என்றும், வேறு சிலவற்றில் 'பைஸ் பைஸ்' என்றும் விழுந்துவிட்டது. 1935இல் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு வந்த வரிசையில் அமிர்தசரஸ் பொற்கோயில் போட்ட மூன்றரையணா ஸ்டாம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாளில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் அச்சான ஸ்டாம்பில் மட்டும், பறவை பறப்பதுபோல் ஒரு சிறு கறை இருக்கும். 1854இல் நான்கணா ஸ்டாம்பில் விக்டோரியா ராணியின் தலை தலைகீழாய் விழுந்த பிரதி கைக்குக் கிடைப்பது நம்மைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமில்லை. ஆனால் பறவை இருக்கும் பொற்கோயில் நம் ஊர்ப் பெட்டி ஒன்றில் இன்றும் கிடைக்கலாம்.

அன்று கற்றுக்கொள்ள ஆள்தான் வேண்டும். கருப்பு ஓட்டுத் துண்டின்மேல் ஸ்டாம்பைக் கவிழ்த்து, ஒரு சொட்டு பென்சின் விடச் சொல்லிக்கொடுத்தார் ஒரு பெரியவர். தாளுக்குள் ஒளிந்திருந்த நட்சத்திரங்கள் மெல்ல இருண்டு எழுந்தன. பென்சின் ஆவியானதும் மறைந்தன. அதுதான் வாட்டர்மார்க். அது நட்சத்திரமா யானைத் தலையா என்பதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுவார். அப்புறம் ஸ்டாம்பின் ஓரத்துப் பல்லை எண்ணும் அளவுகோல், பகல் வெளிச்சம், பொறுமை. வேறொன்றும் இல்லை.

இன்று செல்போனில் படம் எடுத்தால் ஸ்டாம்பின் பெயர் வந்துவிடுகிறது. பையன்கள் ஒரு வாரத்தில் கற்பதை நாங்கள் ஐந்து வருஷத்தில் கற்றோம். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தாளின் கனம், பசை, வாட்டர்மார்க் மூன்றையும் படம் சொல்லாது. போலி வருவதும் அங்கேதான். பல்லைக் கத்தரித்து 'பல் இல்லாத பிழை' என்று விற்கிறார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒற்றை ஸ்டாம்பை நம்பாமல் ஜோடியாகக் கேட்கிறார்கள். பக்கத்துப் புதுச்சேரியின் பிரெஞ்சிந்திய ஸ்டாம்புகளில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'பிரான்ஸ் லீப்ர்' என்று மேலே அச்சடித்தவை இருக்கின்றன. அவற்றுக்குப் போலியும் ஏராளம். அதை முத்திரையும் தேதியும் உள்ள உறையோடு பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

அந்த உறைகள்தான் போய்விட்டன. பரங்கிப்பேட்டை வீடுகளுக்கு மலாயாவிலிருந்து வந்தவை, கடலூர் துறைமுகத்து வியாபாரிகளின் கட்டுகள், எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. மிச்சமிருந்ததில் 2011 டிசம்பரில் தானே புயலும், 2015 வெள்ளமும் எவ்வளவு கரைத்தன என்று யார் கணக்கெடுத்தார்கள்? இப்போது அஞ்சலகத்துக்குத் தபால் அனுப்பப் போனால் கணினி ஒரு சீட்டை அச்சடித்து ஒட்டிவிடுகிறது. ஸ்டாம்பு கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பரணில் தகரப்பெட்டி இருந்தால், ஒருதரம் இறக்கிப் பாருங்கள். ஸ்டாம்பைக் கத்தரிக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். உறையை உறையாகவே வையுங்கள், உள்ளே கடிதமும் இருக்கட்டும்.