பிள்ளையின் புள்ளி விற்பனைச் சரக்கல்ல

கடன் கொப்பியை எந்த வியாபாரியும் அடுத்த கடைக்காரருக்குக் காட்டமாட்டார். பிள்ளைகளின் படிப்புக் கணக்கும் அப்படித்தான் காக்கப்பட வேண்டும்.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பு கைத்தொலைபேசிக்கு வந்தது. பிள்ளை எந்தப் பாடத்தை எவ்வளவு நேரம் பார்த்தது, எந்தக் கேள்வியில் பிழைவிட்டது என்பதைக் கல்விச் செயலிகள் பதிந்து வைக்கும். ஆசிரியருக்கு இது உதவிதான். ஆனால் அதனுடன் தொலைபேசி இலக்கமும் இருப்பிடமும் சேர்ந்தால் விளம்பரக்காரருக்கு அது நல்ல சரக்கு. 2022இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளின் 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது அளவானவை பிள்ளைகளின் உரிமைக்குப் பங்கம் தரும் விதத்தில் தரவுகளைக் கையாண்டதாகச் சொன்னது.

நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 16 வயதுக்குட்பட்டோரின் தரவை விசேட வகையில் சேர்க்கிறது. சம்மதம் பெறுவதாயின் பெற்றோரிடம் அல்லது பாதுகாவலரிடமே பெற வேண்டும். 2025 மார்ச்சில் அமுலாகவிருந்த முக்கிய பிரிவுகள் பிற்போடப்பட்டன.

நல்ல வியாபாரத்துக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டியூட்டரி, கணினி வகுப்பு நடத்துவோர் தேவைக்கு மேல் விபரம் கேட்காதீர்கள். புள்ளிகளை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மாணவர் பட்டியலை எவருக்கும் கொடுக்காதீர்கள். பெற்றோர் தந்த விபரம் அமானிதம். அந்த நம்பிக்கை போனால் வாடிக்கையும் போய்விடும்.